4-க்கு அடுத்த நாள் 15: ஐரோப்பா நாட்காட்டியை மாற்றிய கதை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

16, 17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவைப் பற்றி நான் எழுதும்போதெல்லாம் வாசகர்கள் தேதியில்தான் தடுக்கி விழுகிறார்கள். ஒரே போர் ஒரு புத்தகத்தில் ஒரு நாளிலும் இன்னொன்றில் 10 நாள் தள்ளியும் நடக்கிறது. நியூட்டனுக்கு இரண்டு பிறந்த நாள் இருக்கிறது. வந்த கேள்விகளை இங்கே சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். அந்தக் காலத்தில் அரசியலும் மதமும் வானியலும் வியாபாரமும் எப்படி ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன என்று புரிந்துகொள்ள, எல்லோரும் பேசும் கலிலியோ வழக்கைவிட இந்த நாட்காட்டிக் கதைதான் அதிகம் உதவும் என்பது என் எண்ணம்.

1582 அக்டோபரில் அப்படி என்னதான் நடந்தது?

நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் 4, வியாழக்கிழமை தாளைக் கிழிக்கிறீர்கள். அடியில் வெள்ளிக்கிழமைதான் இருக்கிறது, ஆனால் தேதி 15. போப் 13-ஆம் கிரகோரி போட்ட ஆணைப்படி ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் இத்தாலியின் பெரும்பகுதியிலும் போலந்திலும் அந்த ஆண்டு இப்படித்தான் விடிந்தது. ஸ்பெயின் துறவி அவிலாவின் தெரேசா அக்டோபர் 4 இரவு இறந்தார். மறுநாள் அடக்கம் செய்தார்கள். மறுநாள் என்பது அக்டோபர் 15. அவருடைய திருநாள் இன்றும் அக்டோபர் 15-இல்தான் வருகிறது.

கிழமை வரிசை மட்டும் அறுபடவில்லை. வியாழனுக்குப் பின் வெள்ளிதான் வந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிக் கேள்வியில் உதவும்.

எதற்காக இந்த வேலை?

ஈஸ்டருக்காக. உயிர்த்த ஞாயிறு எப்போது என்பதற்கு ஒரு விதி உண்டு: மார்ச் 21-ஐ வசந்த காலச் சம இரவுநாளாக, அதாவது பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளாக, வைத்துக்கொண்டு, அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு. சூரியன், சந்திரன், கிழமை மூன்றும் சேர வேண்டிய கணக்கு இது.

ஜூலியஸ் சீசர் கொடுத்த நாட்காட்டியில் ஆண்டுக்கு 365 நாள் 6 மணி. பருவங்கள் திரும்பி வர உண்மையில் ஆவதோ 365 நாள் 5 மணி 48 நிமிடம் 46 விநாடி. வித்தியாசம் 11 நிமிடச் சொச்சம். ஒரு மனிதன் வாழ்நாளில் இது கண்ணுக்கே தெரியாது. ஆனால் 128 ஆண்டுக்கு ஒரு நாள் என்று சேர்ந்துகொண்டே வந்து, 1500-களில் உண்மையான சம இரவுநாள் மார்ச் 11-க்கு நகர்ந்துவிட்டது. சந்திரக் கணக்கும் 4 நாள் பிசகியிருந்தது. வானத்தில் பௌர்ணமி முடிந்து நாலு நாள் ஆன பிறகு திருச்சபையின் ஏட்டில் பௌர்ணமி வரும். விரதமும் திருநாளும் தப்பான நாளில் நடக்கின்றன என்பது நம்பிக்கை உள்ளவர்களுக்குச் சின்ன விஷயமே அல்ல. வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதமா என்று பெயர்ச்சி நாளைப் பற்றி நம் ஊரில் நடக்கும் வாதத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

சீசர் காலத்திலிருந்து சேர்ந்த பிழை சுமார் 13 நாள் ஆகிறதே, 10 நாளை மட்டும் நீக்கியது ஏன்?

சீசர் காலத்துக்குத் திரும்புவது போப்பின் நோக்கம் இல்லை. 325-இல் நைசியாவில் கூடிய ஆயர்கள் மாநாட்டின் காலத்தில் சம இரவுநாள் எங்கே இருந்ததோ அங்கே கொண்டுபோய் வைக்க 10 நாள் போதும்.

கணக்கைப் போட்டது யார்? போப்பா?

இல்லை. நாட்காட்டிக்கு 13-ஆம் கிரகோரியின் பெயர்தான் நிலைத்தது. ஆனால் வழியைக் கண்டுபிடித்தவர் தெற்கு இத்தாலியின் கலாபிரியாவைச் சேர்ந்த லூயிஜி லிலியோ என்ற மருத்துவர். அவர் 1576-இல் இறந்துவிட்டார். கையெழுத்துப் பிரதியை ரோமில் சேர்த்தவர் அவருடைய சகோதரர் அந்தோனியோ. அதை ஒரு குழு பரிசீலித்தது. ஜெர்மனியின் பாம்பெர்கில் பிறந்த இயேசு சபைக் கணித ஆசிரியர் கிறிஸ்டோபர் கிளாவியுஸ் அந்தக் குழுவில் இருந்தார். அந்தியோக்கியாவின் சிரிய முதுபெரும் தந்தை இக்னாசியஸ் நிமத்துல்லாவும் இருந்தார். அரபு வானியல் தெரிந்தவர் அவர். ஐரோப்பா தனியாகச் செய்த வேலை என்று இதை எழுதிவிட முடியாது.

லிலியோவின் விதி அழகானது, ஏனென்றால் எளிமையானது. நாலு ஆண்டுக்கு ஒருமுறை லீப் வருஷம்; ஆனால் 1700, 1800, 1900 போன்ற நூற்றாண்டு வருஷங்களில் 400-ஆல் வகுபடுவது மட்டும் லீப். ஆக 400 ஆண்டில் 100 லீப் நாளுக்குப் பதில் 97. இதை மனப்பாடம் செய்ய ஒரு பையனுக்கு ஒரு நிமிடம் போதும். வானியலாளர்கள் கேட்ட துல்லியத்தை ஊர்க் குருவும் கைக்கணக்காகப் போட முடிகிற விதியாக்கிக் கொடுத்ததுதான் அவருடைய சாதனை. இன்றைய கணக்குப்படி இதில் மிச்சமிருக்கும் பிழை ஆண்டுக்குச் சுமார் 26 விநாடி.

வத்திக்கானில் காற்றுகளின் கோபுரம் என்று ஒரு கட்டடம் இருக்கிறது. அதன் ஓர் அறையில், தெற்குச் சுவர் ஓவியத்தின் நடுவே ஒரு சின்னத் துளை. நண்பகலில் அதன் வழியே விழும் ஒளிவட்டம் தரையில் பதித்த வெள்ளைப் பளிங்குக் கோட்டைக் கடக்கும். இன்யாசியோ தாந்தி என்ற துறவி அமைத்த கோடு அது. சம இரவுநாளில் வெளிச்சம் விழ வேண்டிய இடத்தில், காலண்டர் மார்ச் 21 என்று சொல்லும்போது அது விழவில்லை. கணிதம் தெரியாதவருக்கும் கண்ணுக்கு முன்னால் தெரிந்த பிழை.

கோப்பர்நிக்கஸுக்கு இதில் பங்கு உண்டா? அப்படியென்றால் திருச்சபை சூரிய மையக் கொள்கையை ஏற்றதா?

பங்கு உண்டு, சுற்றி வளைத்து. 1512 முதல் 1517 வரை நடந்த ஐந்தாம் லாத்தரன் சங்கம் என்ற திருச்சபை மாநாடு நாட்காட்டியைத் திருத்த முயன்று அவரிடமும் கருத்துக் கேட்டது. சூரிய சந்திர ஓட்டங்களை இன்னும் சரியாக அளக்காமல் இதில் கைவைக்க முடியாது என்பது அவர் நிலை. 1543-இல் வந்த தம் பெருநூலின் முன்னுரையில், போப் மூன்றாம் பவுலுக்கு எழுதும்போது, இந்த வேலையையே தம் ஆய்வுக்கு ஒரு காரணமாகச் சொல்கிறார்.

ஆனால் புதிய நாட்காட்டி வேலை செய்வதற்குப் பூமி சுற்றுகிறதா சூரியன் சுற்றுகிறதா என்று தெரிய வேண்டியதில்லை. ஆண்டின் நீளம் தெரிந்தால் போதும். கிளாவியுஸ் கடைசி வரை பூமிதான் மையம் என்று கற்பித்தவர். அதே கிளாவியுஸும் ரோமக் கல்லூரியில் அவருடன் இருந்தவர்களும் 1611-இல் கலிலியோவின் தொலைநோக்கிக் கண்டுபிடிப்புகளைச் சரிபார்த்து, வியாழனின் நிலவுகள் உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1633-இல் கலிலியோவைத் தண்டித்த திருச்சபை தன் ஆலயங்களுக்குள் சூரியனை அளப்பதை நிறுத்தவில்லை. ஈஸ்டர் கணக்குக்கு அந்த அளவு தேவைப்பட்டது. 1655-இல் பொலோனியாவின் சான் பெத்ரோனியோ பேராலயத் தரையில் ஜொவான்னி காசினி சுமார் 67 மீட்டர் நீளக் கோடு பதித்தார். கூரைத் துளையிலிருந்து விழும் சூரிய பிம்பத்தின் அகலம் ஆண்டு முழுக்க எப்படி மாறுகிறது என்று அளந்தபோது, சூரிய ஓட்டத்தைப் பற்றி, சூரிய மையக் கொள்கையை ஆதரித்த வானியலாளர் கெப்ளர் சொன்னதே சரியாக வந்தது. தடைசெய்த கொள்கையின் பக்கம் பேசிய சான்று ஆலயத் தரையிலேயே கிடைத்தது. ‘மதம் எதிர் அறிவியல்’ என்று ஒற்றை வரியில் கதை சொல்பவர்கள் இந்தக் கோட்டின் மேல் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும்.

புராட்டஸ்டண்ட் நாடுகள் ஏன் ஏற்கவில்லை? கணக்கில் தப்பு இருந்ததா?

கணக்கைக் குறை சொன்னவர்கள் உண்டு. ஆனால் உண்மையான கேள்வி, சொல்ல அவர் யார் என்பதுதான். 1582 பிப்ரவரி 24 தேதியிட்ட ஆணையை போப் ஆணையாகவே வெளியிட்டார். புராட்டஸ்டண்ட் இயக்கத்தைத் தொடங்கிய லூதர் ரோமிலிருந்து பிரிந்து 60 ஆண்டுக்குச் சற்று மேல் ஆன காலம். போப் சொன்னதால் தேதியை மாற்றினால், நாளைக்கு வேறு எதையெல்லாம் மாற்றச் சொல்வார்?

இதை ஒரு ஊரில் வைத்துப் பார்த்தால் நன்றாகப் புரியும். தெற்கு ஜெர்மனியின் ஆக்ஸ்புர்க் பெரிய வணிக நகரம். குடிமக்களில் புராட்டஸ்டண்டுகள் அதிகம். நகர மன்றத்தில் கத்தோலிக்கர் கை ஓங்கியிருந்தது. சுற்றியுள்ள கத்தோலிக்கப் பகுதிகளோடு சந்தை நாள் ஒத்துப்போக வேண்டும் என்று வியாபாரக் காரணத்தைக் காட்டி, 1583-இல் மன்றம் புதிய நாட்காட்டியை ஏற்றது. பக்கத்து ஊரில் சந்தை ஒரு தேதி, நம் ஊரில் இன்னொரு தேதி என்றால் மாடு ஓட்டி வருபவன் எந்த நாளை நம்பி வருவான்? நியாயமான காரணம்தான். ஆனால் மக்கள் அதை நம்பத் தயாராக இல்லை. வழக்கு, புனித ரோமப் பேரரசின் உயர் நீதிமன்றம் வரை போய், 1584-இல் எதிர்ப்பாளர்கள் தோற்றார்கள். அதன் பிறகும் எதிர்த்துப் பேசிய போதகர் கேயோர்க் முல்லரை நகரை விட்டு வெளியேற்ற மன்றம் முயன்றபோது, மக்கள் ஆயுதத்தோடு தெருவில் இறங்கிவிட்டார்கள். 10 நாளுக்காகக் கலவரமா என்று கேட்கலாம். அவர்கள் கண்ணில் அது நாள் கணக்கு இல்லை. தங்கள் போதகரை யார் நியமிப்பது, தங்கள் ஞாயிற்றுக்கிழமை யார் கையில் என்ற கணக்கு.

விதிவிலக்கும் உண்டு. நெதர்லாந்தில் புராட்டஸ்டண்ட் மாகாணமான ஹாலந்து 1583-லேயே புதிய நாட்காட்டிக்கு வந்துவிட்டது. பக்கத்து உத்ரெக்ட் 1700 வரை வரவில்லை. ஒரே குடியரசுக்குள் ஆம்ஸ்டர்டாமிலிருந்து உத்ரெக்டுக்கு ஒரு பகல் பயணம், தேதியோ 10 நாள் பின்னால்.

அறிஞர்கள் எந்தப் பக்கம் நின்றார்கள்?

மதக் கோட்டைப் பார்த்து நின்றார்கள் என்று நினைத்தால் ஏமாறுவோம். கெப்ளர் லூத்தரன், புதிய நாட்காட்டியை ஆதரித்தார், 1613-இல் ரேகன்ஸ்பர்க் பேரவையில் அதற்காக வாதாடவும் போனார். அவருடைய ஆசிரியர் மைக்கேல் மேஸ்ட்லின் கடுமையாக எதிர்த்தார். எதிர் முகாமில் கத்தோலிக்கர் ஒருவரும் உண்டு: பிரான்சின் பெரிய கணிதவியலாளர் பிரான்சுவா வியெத், கிளாவியுஸின் கணக்கையே தாக்கினார்.

சாதாரண மக்கள் 10 நாள் கூலியை, வட்டியை இழந்தார்களா?

போப்பின் ஆணையிலேயே இதற்கு இடம் வைத்திருந்தார்கள்: மாதக் கணக்கிலோ ஆண்டுக் கணக்கிலோ கொடுக்க வேண்டிய பணத்துக்குத் தவணையை 10 நாள் தள்ளிக் கணக்கிட வேண்டும். அக்டோபரைத் தேர்ந்ததும் அந்த மாதத்தில் திருநாள்கள் குறைவு என்பதால்தான். யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

பிரான்சில் டிசம்பர் 9-க்கு அடுத்து 20 வந்தது. சில ஆண்டு கழித்துப் பிரெஞ்சு எழுத்தாளர் மோந்தேன் ஒரு கட்டுரையில் எழுதுகிறார்: வானத்தையும் பூமியையும் ஒருசேர அசைத்தது போன்ற மாற்றம், ஆனால் என் அண்டை வீட்டார் விதைப்பதும் அறுப்பதும் எப்போதும் போலவே நடக்கிறது. நிலத்தில் வேலை செய்பவர் தேதியைப் பார்த்து விதைப்பதில்லை என்பதை ஊரோடு வாழ்ந்தவர் கவனித்து எழுதிய வரி இது.

ஜெர்மன் புராட்டஸ்டண்டுகள் 1700-இல் ஏன் மனம் மாறினார்கள்?

வித்தியாசம் 10-லிருந்து 11 ஆகப்போகிறது என்பது ஒன்று: 1700 பழைய கணக்கில் லீப் வருஷம், புதியதில் இல்லை. முப்பதாண்டுப் போர் முடிந்து அரை நூற்றாண்டு ஆனதால் பகையும் கொஞ்சம் ஆறியிருந்தது. பிப்ரவரி 18-க்கு அடுத்த நாள் மார்ச் 1 என்று முடிவு செய்தார்கள். ஆனாலும் ‘கிரகோரி’ பெயரை வாயில் வைக்கவில்லை. ‘திருத்திய நாட்காட்டி’ என்றார்கள். ஈஸ்டரை மட்டும் கெப்ளரின் அட்டவணைப்படி நேரடி வானியல் கணக்கில் போட்டார்கள். இதனால் 1724-லும் 1744-லும் கத்தோலிக்க ஈஸ்டரும் அவர்கள் ஈஸ்டரும் வேறு வேறு ஞாயிறுகளில் வந்தன.

இந்த முடிவிலிருந்து எதிர்பாராத ஒன்று முளைத்தது. புதிய காலண்டரைக் கணிக்க வானியலாளர் வேண்டும். வானியலாளருக்குச் சம்பளம் வேண்டும். பிராண்டன்பர்க் அரசு காலண்டர் விற்கும் ஏகபோக உரிமையை ஒரு புதிய அறிவியல் சங்கத்துக்குக் கொடுத்தது. 1700-இல் பெர்லினில் தொடங்கிய அந்தச் சங்கத்தின் முதல் தலைவர், தத்துவ அறிஞரும் கணிதவியலாளருமான லைப்னிட்ஸ். பின்னாளில் புகழ்பெற்ற பிரஷ்ய அறிவியல் கழகமாக வளர்ந்தது இதுதான். ஐரோப்பாவின் பெரிய அறிவியல் நிறுவனம் ஒன்று, வீட்டுக்கு வீடு வாங்கிய காலண்டர் காசில் நடந்தது.

அந்தக் காலண்டரைக் கணித்தவர் கோட்ஃப்ரீட் கிர்ஷ். அவரோடு சமமாக உட்கார்ந்து கணித்தவர் மனைவி மரியா மார்கரெத்தா. கணவர் தூங்கிக்கொண்டிருந்த ஒரு 1702 இரவில் ஒரு வால் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவர். 1710-இல் கணவர் இறந்ததும், காலண்டர் வேலையைத் தொடர அனுமதி கேட்டு விண்ணப்பித்தார். லைப்னிட்ஸ் ஆதரித்தார். சங்கம் மறுத்துவிட்டது. ஒரு பெண் காலண்டர் போடுகிறாள் என்று ஊர் சிரிக்கும் என்பதுதான் அவர்கள் பயம். அவரைவிட அனுபவம் குறைந்த ஆணை நியமித்தார்கள். பின்னர் மகன் வானியலாளரானபோது அவருக்கு உதவியாளராக அதே ஆய்வகத்துக்குத் திரும்பினார். பார்வையாளர்கள் வரும்போது கண்ணில் படாமல் இருக்கச் சொன்னார்கள். இதை எழுதும்போது எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

ஸ்வீடனில் பிப்ரவரி 30 இருந்தது உண்மையா?

உண்மை, 1712-இல். லீப் நாள்களை ஒவ்வொன்றாகக் கைவிட்டு 40 ஆண்டில் மெதுவாக மாறலாம் என்று திட்டம் போட்டு, 1700-இல் ஒன்றைக் கைவிட்டார்கள். 1704-லும் 1708-லும் விட மறந்துபோக, எந்த நாட்டோடும் ஒட்டாத தேதி ஸ்வீடனுக்கு அமைந்தது. பழைய கணக்குக்கே திரும்ப ஒரு நாளைக் கூட்டினார்கள். கடைசியில் 1753-இல் ஒரேயடியாக மாறினார்கள்.

இங்கிலாந்து ஏன் 1752 வரை இழுத்தது? “எங்கள் 11 நாளைத் திருப்பிக் கொடு” என்று கலவரம் நடந்ததா?

1583-லேயே ஜான் டீ என்ற கணித அறிஞர் எலிசபெத் ராணிக்கு மாறலாம் என்று பரிந்துரை எழுதினார். அமைச்சர்களும் சாதகமாக இருந்தார்கள். ஆயர்கள்தான் முட்டுக்கட்டை போட்டார்கள். அதோடு அந்தப் பேச்சு கிடப்பில் போனது, கிட்டத்தட்ட 170 ஆண்டு.

நடுவில் எத்தனை கூத்து! 1688-இல் ஆரஞ்சு இளவரசர் வில்லியம் நவம்பர் 11 அன்று ஹாலந்திலிருந்து கப்பல் ஏறி, நவம்பர் 5 அன்று இங்கிலாந்தில் இறங்கினார். போதாததற்கு இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25-இல் பிறந்தது. 1752-இல் இரண்டையும் சேர்த்துச் சரிசெய்தார்கள்: ஆண்டு ஜனவரி 1-இல் தொடங்கும், செப்டம்பர் 2 புதனுக்கு அடுத்த நாள் 14 வியாழன்.

கலவரத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. 1750-களின் நடுவில் ஹோகார்த் வரைந்த தேர்தல் விருந்து ஓவியம் ஒன்றில் தரையில் கிடக்கும் பதாகையில் அந்த வாசகம் இருக்கிறது. தேர்தல் நேரக் கேலியை நடந்த சம்பவமாகப் பின்னால் வந்தவர்கள் எழுதிவிட்டார்கள். முணுமுணுப்பு இருந்தது, தெருச் சண்டை என்று சொல்ல ஒன்றும் இல்லை.

நம் ஊர் வரலாற்றில் இதன் தடம் உண்டா?

உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி 1752 வரை பழைய கணக்கில் எழுதியது. போர்ச்சுகீசியரும் பிரெஞ்சுக்காரரும் புதிய கணக்கில். 1640-களில் ஆங்கிலேயரின் ஜார்ஜ் கோட்டைக்கும் போர்ச்சுகீசியரின் சாந்தோமுக்கும் நடக்கும் தூரம்தான், தேதி மட்டும் 10 நாள் வேறு. 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கையில் விழுந்த நாள் ஆங்கிலேயர் ஏட்டில் செப்டம்பர் 10, புதுச்சேரியில் செப்டம்பர் 21. ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் தமிழ் வருஷம், மாதம், தேதியோடு ஐரோப்பியத் தேதியும் எழுதுவார். அது பிரெஞ்சுக் கணக்கு. ஆங்கிலேய ஆவணத்தோடு அதை ஒப்பிடுபவர்கள் 11 நாளைக் கழிக்க மறந்தால், செய்தி சம்பவத்துக்கு முன்பே வந்துசேர்ந்தது போல் தோன்றும்.

கலிலியோ இறந்த ஆண்டில்தான் நியூட்டன் பிறந்தார் என்கிறார்களே?

கலிலியோ இறந்தது புதிய கணக்கில் 1642 ஜனவரி 8. நியூட்டன் பிறந்தது பழைய கணக்கில் 1642 டிசம்பர் 25. புதிய கணக்கில் அது 1643 ஜனவரி 4. இருவருக்கும் ஒரே நாட்காட்டியை வைத்தால், எதை வைத்தாலும், இரண்டும் ஒரே ஆண்டில் வராது. கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, பழைய ஆவணத்தில் ஒரு தேதியைப் பார்த்தால் எப்படிச் சரிபார்ப்பது?

முதலில் எழுதியவர் எந்த நாட்டவர், எந்த ஆண்டு என்று பாருங்கள். பழைய கணக்கில் இருந்தால் 1700 பிப்ரவரி 28 வரை 10 நாளும், அதற்குப் பின் 1800 பிப்ரவரி வரை 11 நாளும் கூட்டுங்கள். ரஷ்யா 1918-இல்தான் மாறியது. 1900-க்குப் பிந்தைய ரஷ்யத் தேதிக்கு 13 கூட்ட வேண்டும்.

அப்புறம், 1752-க்கு முந்தைய இங்கிலாந்து ஆவணத்தில் ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையிலான தேதி என்றால் ஆண்டையும் சந்தேகப்படுங்கள். முதலாம் சார்லஸ் மன்னரின் தலையைத் துண்டித்தது அவர்கள் ஏட்டில் 1648 ஜனவரி 30. நாம் எழுதுவது 1649. ஐரோப்பியக் கண்டத்தில் அன்று 1649 பிப்ரவரி 9. மூன்று விதமாக எழுதினாலும் அது செவ்வாய்க்கிழமை. ஆவணத்தில் கிழமை இருந்தால் அதை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த நாட்காட்டி மாற்றத்தில் எந்த அரசும் எந்தப் போப்பும் அதில் கைவைக்கவில்லை.